வாசலில் ஓடும் பதுளு ஓயா

உலகப் படத்தை விரித்து வைத்து, "சைபீரியாவில் ஓடும் பெருநதிகள் எவை?" என்று உயர்வகுப்பு மாணவரை வினவினால், ஓப், யெனிசி, லீனா என்னும் மூன்று பெயர்களும் தடையின்றி வந்துவிடும். சற்றுக் கூர்மையான மாணவனாயின், லீனாவோடு சென்று கலக்கும் வில்யூய் என்னும் கிளைநதியையும் சேர்த்துச் சொல்வான். "நல்லது, உன் வீட்டுக்குக் கீழே ஓடுகின்றதே, அந்த ஓடை எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகின்றது?" என்று அடுத்த வினாவைத் தொடுத்துப் பாருங்கள். வகுப்பிலே மௌனம் குடிகொள்ளும்.

தூர தேசத்து நதிகளை அறிவதிலே குற்றம் ஏதும் இல்லை. அவ்வறிவு, நம் நாட்டு நதியை அளந்து பார்ப்பதற்கு ஓர் அளவுகோலாகுமாயின் இரட்டிப்பு நன்மையே. ஆகவே இன்று வாசக நேயர்களை ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளைக்கு அழைத்துச் செல்ல விழைகின்றோம். அந்நகரை ஏறக்குறைய முற்றும் வளைத்துக்கொண்டு ஓடும் பதுளு ஓயாவே நம் பொருள். 'ஓயா' என்பது சிங்களச் சொல். கங்கையினும் சிறியதாய், ஓடையினும் பெரியதாய் உள்ள ஆற்றை அது குறிக்கும்.

பெரிய கிளையும் சிறிய கிளையும்

கிளைநதி என்பது கடலைத் தானே சென்று சேராமல், மற்றொரு நதியிலே தன்னை ஒப்படைத்துவிடும் நதி. சைபீரியாவின் வில்யூய் அத்தகையதே. அதன் நீளம் ஏறத்தாழ 2,650 கிலோமீற்றர். இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர். ஆக, அந்தக் கிளைநதி ஒன்றின் நீளத்துக்கே நம் மகாவலியை ஏறக்குறைய எட்டு முறை அடுக்கி வைக்க வேண்டும். ஆண்டிலே பாதிக்கு மேற்பட்ட காலம் வில்யூய் பனிக்கட்டியால் மூடுண்டு கிடக்கும்; கோடை தொடங்குங்கால் பனி உருகி வெள்ளமாய்ப் பெருகும்.

பதுளு ஓயா மகாவலியின் கிளைகளுள் ஒன்று. அளவிலே வில்யூயின் முன் அது ஒரு நூலிழை. ஆயினும் அதற்கெனத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலைகளிலே பிறந்து, கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீற்றர் உயரமே உள்ள சமவெளிக்கு, ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் அது இறங்கிவிடுகின்றது. சைபீரிய நதி சமநிலத்திலே சோம்பி நடக்கின்றது. ஊவா நதி படிக்கட்டிலே குதித்து இறங்குகின்றது. அங்கே ஆற்றின் பஞ்சாங்கத்தை எழுதுவது பனி. இங்கே எழுதுவது பருவக்காற்று.

ஊற்றுக்கண்கள்

பதுளைக்குத் தென்கிழக்கே, வானளாவி நிற்கும் மலை நமுனுகுல. ஒன்பது சிகரங்கள் உடையது என்பது அப்பெயரின் பொருள். அதன் உயரம் 2,036 மீற்றர். அம்மலையின் மேற்குச் சரிவிலும், பண்டாரவளை, எல்ல முதலிய இடங்களைச் சூழ்ந்த குன்றுகளிலும் கசியும் நீரே பதுளு ஓயாவுக்கு உடல் தருகின்றது.

'இதோ இந்தக் கல்லின் அடியிலேதான் நதி பிறக்கின்றது' என்று விரல் நீட்டிக் காட்டத்தக்க ஓரிடத்தைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். மழைநீர் மண்ணுள் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல ஊர்ந்து, பல மாதங்கள் கழித்துச் சரிவின் மடிப்பொன்றிலே ஊற்றாய்த் தலை காட்டுகின்றது. அத்தகைய ஊற்றுகள் நூற்றுக்கணக்கில் உள. தேயிலைத் தோட்டங்களிலே அவ்வூற்று நீரை ஒரு குழாய் வைத்து வழிய விட்டிருப்பார்கள். அதற்குத் தோட்டத்து மக்கள் இட்டுள்ள பெயர் பீலி. லயங்களில் வாழும் குடும்பங்கள் குடிப்பதும், சமைப்பதும், குளிப்பதும் தலைமுறை தலைமுறையாய் அப்பீலி நீரைக் கொண்டே. பீலியிலிருந்து வழிந்த மிச்சம் கானில் விழுகின்றது. கான் ஓடையில் விழுகின்றது. ஓடை ஓயாவில் விழுகின்றது. ஆகவே பதுளு ஓயாவின் முதல் அயலார், லயத்து மக்களே ஆவர்.

ஒரே மலைநாடு, மூன்று கரைகள்

ஊவா மலைகளின் அமைப்பிலே வியத்தகு செய்தி ஒன்று உண்டு. இம்மலைநாட்டிலே பெய்யும் மழை, விழுந்த சரிவு எதுவோ அதற்கேற்ப, இலங்கையின் வெவ்வேறு கரைகளை நோக்கிப் பிரிந்து செல்கின்றது.

தெமோதரைப் பக்கம் விழுந்த துளி பதுளு ஓயாவிலே கலந்து, வடக்கு நோக்கிச் சென்று மகாவலியை அடையும். பின்னர் பொலன்னறுவை மாவட்டத்தைக் கடந்து, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிலே, மூதூரின் அயலிலே கடலைக் காணும். அதற்குச் சில மைல் தெற்கே, எல்ல கணவாயின் மறுபுறம் விழுந்த துளியோ கிரிந்தி ஓயாவுக்குரியது. பிரயாணிகள் நின்று பார்க்கும் இராவணன் அருவியின் நீரும், கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியின் நீரும் அந்த ஆற்றுக்கே சென்று, தென்கரையை அடைகின்றன. ஊவா மலைகளின் தென்கீழ்ச் சரிவிலே தோன்றுவது மாணிக்க கங்கை. கதிர்காம யாத்திரிகர் தீர்த்தமாடும் புனித நீர் அதுவே. பதுளைக்குக் கிழக்கிலுள்ள மலைகளிலே பிறக்கும் கல்லோயா, கிழக்கே அம்பாறையை நோக்கி ஓடுகின்றது. 1951ஆம் ஆண்டளவில் அதனை மறித்துக் கட்டிய பெருங்குளமே சேனாநாயக்க சமுத்திரம்.

மூதூரிலே வயல் உழுபவரும், அம்பாறையிலே நெல் அறுப்பவரும், கதிர்காமத்திலே நீராடுபவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் அவர்கள் அனைவருக்கும் நீர் ஊட்டும் தாய்மடிகளுள் ஒன்று இந்த ஊவா மலைநாடு.

இறங்கும் பாதை

பதுளு ஓயாவின் இறக்கத்தை அறிய விரும்புவோருக்குப் புகையிரதத்தைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. மலைநாட்டு இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டிலேயே பண்டாரவளையை எட்டிவிட்டது. ஆனால் அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டிலேதான் பதுளையிலே முதல் வண்டி வந்து நின்றது. இடையிலே உலக யுத்தம் குறுக்கிட்டது மெய்யே. எனினும் நிலத்தின் செங்குத்தான சரிவும் பொறியியலாளரைத் திணற வைத்தது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையிலே வண்டி ஒரு பெரும் வட்டமாய்ச் சுற்றி, தான் நின்று வந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி நுழைந்து செல்லும் விந்தையும் அந்தச் சரிவுக்குக் கொடுத்த விலை. மனிதன் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டிய இடத்தை நீர் நேரே குதித்துக் கடந்துவிடுகின்றது.

தெமோதரைக்குக் கீழே, உடுவரை, ஹாலிஎல என்னும் ஊர்களின் வழியே புகையிரதப் பாதையும் ஆறும் ஒரே பள்ளத்தாக்கிலே இறங்குகின்றன. மேலே தேயிலை; கீழே படிப்படியாய் வெட்டிய நெல்வயல். மேல் வயலில் நின்ற நீர் கீழ் வயலுக்கு வடிந்து, இறுதியிலே ஆற்றுக்குத் திரும்புவதைப் பார்த்தால், நீரைக் கடனாய் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையை நம் முன்னோர் எத்துணை நன்கு அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலே அமைந்தது பதுளை நகர். முதியங்கனை விகாரையும் கடைவீதியும் பாடசாலைகளும் கொண்ட அந்நகரைச் சுற்றி வளைந்த ஆறு, அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர் சென்றதும் திடீரெனக் கால் இடறினாற் போல் 64 மீற்றர் ஆழத்துக்கு விழுகின்றது. அதுவே துன்ஹிந்த அருவி. விழும் நீர் பாறையிலே மோதித் துகளாகி, புகைபோல் மேலெழுந்து நிற்பதால் அப்பெயர் வந்தது என்பர். மழைக்காலத்திலே அப்புகை, பார்ப்போரின் உடையையும் நனைத்துவிடும்.

அருவியின் கீழே ஆறு மற்றோர் உலகத்திலே நுழைகின்றது. மலைக்குளிர் மறைகின்றது, தேயிலை மறைகின்றது. மீகஹகிவுலைப் பகுதியைக் கடந்து, மகியங்கனையை அடையுமுன் பதுளு ஓயா மகாவலியிலே தன் பெயரை இழக்கின்றது.

காற்று எழுதும் பஞ்சாங்கம்

இலங்கையின் மேற்குச் சரிவிலே மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும். அதே மாதங்களிலே ஊவாவின் நிலை வேறு. மழை மேகங்கள் தம் சுமையை நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து உயர்மலைகளிலேயே இறக்கிவிடுகின்றன. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும் காற்று, இறங்க இறங்க வெப்பமடைந்து வறண்டு போகின்றது. இதனையே நம்மவர் கச்சான் காற்று என்கின்றனர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளிலும் இதே முறையிலே வறண்ட காற்று வீசுவதுண்டு.

அக்காலத்திலே ஆற்றிலே பாறைகள் தலை தூக்கும், அருவி மெலியும், பீலியிலே நீர் விரல் கனத்துக்கு இளைக்கும். இங்கே இயற்கையின் விளையாட்டு ஒன்றைக் காண்க. ஆற்றை மெலியச் செய்யும் அதே காற்றுத்தான் தேயிலைக்கு மணம் ஊட்டுகின்றது. வறண்ட காற்றிலே கொழுந்து மெதுவாய் வளரும். அதனால் அதன் சாரம் செறியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறித்த ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்புண்டு. இலண்டனிலே அந்த நறுமணத்தைச் சுவைப்பவர், அதே வாரத்திலே கொழுந்து பறித்தவர் பீலியடியிலே வாளியோடு வரிசையில் நின்றதை அறியமாட்டார்.

ஒக்டோபரிலே இடைப்பருவ மழையும், அதன்பின் வாடைக்காற்றோடு வரும் வடகீழ்ப் பருவமழையும் தொடங்கும். ஜனவரி வரை ஓயாவுக்கு விழாக்காலம். மலைச்சரிவுகளுக்கு அஃது ஆபத்துக் காலமும் ஆகும்.

காடு போன வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பி பயிரிட வந்தோர் இம்மலைகளின் காடுகளை அழித்தனர். 1869ஆம் ஆண்டிலே கோப்பிச் செடியிலே ஒரு நோய் தோன்றி, சில பத்தாண்டுகளுள் அப்பயிரையே வீழ்த்தியது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்களின் உழைப்பு அந்தச் சரிவுகளிலே உரமாய் இறங்கியது.

மரம் போனால் நீர் போகும் என்னும் உண்மை அக்காலத்து ஆட்சியாளருக்கும் தெரியாமல் இல்லை. ஆங்கிலேயத் தாவரவியல் மேதை ஜோசப் ஹூக்கர், 1873ஆம் ஆண்டிலே, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்ட விடலாகாது என்று யோசனை கூறினார். இன்றும் சிகரங்களிலே பச்சைத் தொப்பிபோல் காடு எஞ்சியிருக்கக் காண்பது அத்தகைய எச்சரிக்கையின் பயனே. ஐயாயிரம் அடிக்குக் கீழேயுள்ள சரிவுகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. ஊற்றுகளுட் பெரும்பாலானவை திறப்பதோ அங்கேதான்.

காடில்லாச் சரிவிலே மழைத்துளி மண்ணை நேரே அறையும். நீர் உள்ளே இறங்காமல் மேற்பரப்பிலே ஓடும். ஓடுகையில் மண்ணையும் வாரிச் செல்லும். இதனைத் தடுக்கவே தோட்டங்களிலே சரிவின் குறுக்கே கான் வெட்டினர். மழைநீரைத் தடுத்து, வேகம் தணித்து, வண்டலை நிறுத்தி வைப்பது கானின் வேலை. மண்வெட்டியோடு கான் வெட்டிய தொழிலாளி தன்னை ஒரு நதிக் காவலன் என்று எண்ணியிருக்கமாட்டான். ஆயினும் அவன் செய்தது அதுவே. கான்களைத் தூர்ந்து போக விட்ட தோட்டங்களிலே, மழை பெய்த மறுநாள் ஆற்று நீர் தேநீர் நிறத்திலே வருவதை யாரும் காணலாம்.

நீர் தன் வழியை இழந்தால் மண்ணும் தன் இடத்தை இழக்கும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலையிலே, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று நிபுணர் முன்னரே எச்சரித்திருந்தனர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயலோடு வந்த பெருமழையிலே, மண்சரிவால் மிகவும் நொந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று.

தங்கை தந்த பாடம்

பதுளு ஓயாவுக்கு மேற்கே, வெலிமடைப் பள்ளத்தாக்கிலே ஓடுவது உமா ஓயா. இரண்டும் ஊவாப் பள்ளத்தாக்கின் இரு சகோதரிகள். இரண்டும் மகாவலிக்கே செல்பவை. உமா ஓயா ரந்தம்பே நீர்த்தேக்கத்தருகே மகாவலியோடு கூடுகின்றது.

இந்நதியின் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து தெற்கே திருப்பி, மின்சாரம் எடுத்த பின், வரண்ட மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வயல்களுக்கு விடுவது என்று ஒரு பெருந்திட்டம் வகுக்கப்பெற்றது. புகுல்பொல, டயரபா ஆகிய இரு இடங்களிலே அணைகள் எழுந்தன. பதினைந்து கிலோமீற்றர் அளவு நீளமுடைய சுரங்கவழி மலையினூடே சென்றது. வெல்லவாயவை அடுத்து, நிலத்தின் அடியிலே 120 மெகாவாற்று மின்நிலையம் அமைந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி அது திறந்து வைக்கப்பெற்றது. தெற்கே நீருக்கு ஏங்கி நிற்கும் உழவரின் தேவை பொய்யன்று. அதனை யாரும் குறை கூறார்.

ஆனால் 2014ஆம் ஆண்டு இறுதியிலே, சுரங்கம் குடைந்துகொண்டிருக்கையில், மலையின் உள்ளேயிருந்து நீர் பீறிட்டுப் பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. நிலம் அமிழ்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகளிலே வெடிப்புகள் கண்டன. வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தனர், மழை குறையவில்லை. பூமியைப் பார்த்தனர், நீர் இல்லை. மலையின் வயிற்றிலே பல்லாண்டுகளாய்ச் சேர்ந்திருந்த செல்வம், ஒரு துளையின் வழியே கீழே போய்விட்டிருந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பூகோளப் பாடம் மிக எளிது. நதியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தாக்கிலே இல்லை. மலையின் உள்ளேயே இருக்கின்றது. ஆற்றிலே காண்பது வட்டி. மண்ணிலும் பாறை இடுக்கிலும் நிற்பதே முதல். முதலைத் தொட்டுவிட்டால் வட்டி நெடுநாள் வாராது.

நாம் செய்யத்தக்கது

பதுளு ஓயாவுக்கு இத்தகைய கதி நேராமல் காப்பது யார் கடமை? அரசின் கடமை உண்டு. தோட்ட நிர்வாகத்தின் கடமை உண்டு. ஊற்றுக்கு மேலேயுள்ள சிறு காட்டுத் துண்டை விறகுக்கென வெட்டாமல் வைப்பதும், அவ்விடத்திலே நிலத்து நீரை மிகுதியாய் உறிஞ்சும் யூக்கலிப்டஸ் மரங்களுக்குப் பதில் நாட்டு மரங்களை நடுவதும், கான்களை ஆண்டுதோறும் துப்புரவு செய்வதும் அவர்களால் ஆகக் கூடியவை. நகரத்துக் கழிவை ஓயாவிலே தள்ளாதிருப்பது பதுளை வாழ்வோர் கடமை.

லயத்து மக்களுக்கும் ஒரு நியாயம் வழங்கப்பட வேண்டும். தலையூற்றின் அருகே வாழ்ந்து, கொட்டியாரக் குடா வரை செல்லும் நீரை முதலிலே காண்பவர் அவர்கள். அவர்களுடைய வீட்டுக்குள்ளே சுத்தமான குழாய் நீர் வருவதும், அவர்கள் வாழும் சரிவு பாதுகாப்பானதாய் இருப்பதும் சலுகை என்று எண்ணத்தக்கவை அல்ல. ஊற்றைக் காப்பவனுக்குத் தாகம் இருக்கலாகாது.

மாணவ மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையிலே, உங்கள் வீட்டுக்கு அருகேயுள்ள பீலியோ ஓடையோ எதுவாயினும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அது எந்த ஓடையிலே சேர்கின்றது, அந்த ஓடை எங்கே திரும்புகின்றது என்று நடந்து பாருங்கள். ஒரு தாளிலே கோடாய் வரையுங்கள். பீலி ஒரு குடத்தை நிரப்ப எத்தனை நிமிஷம் எடுக்கின்றது என்று மாதந்தோறும் ஒரே நாளிலே அளந்து, குறிப்பேட்டிலே எழுதி வையுங்கள். ஓராண்டு கழியுமுன் கச்சானும் வாடையும் உங்கள் குறிப்பேட்டிலே தாமே கையெழுத்திட்டிருக்கும். பத்தாண்டு அவ்வாறு எழுதினால், மலையின் முதல் குறைகின்றதா, வளர்கின்றதா என்பதை உங்கள் ஊருக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம். அதற்கு வேண்டியவை ஒரு குடமும், ஒரு கடிகாரமும், விடாமுயற்சியுமே.